கொங்கிறீற்றின் முதிர்வும் அளவையின் நடுநிலையும்

தொழில்நுட்பத்தைச் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட நடுநிலைப் பொருளாகக் கொள்ளும் போக்கு நம்மிடையே இன்றும் வலுவாக உள்ளது. கொங்கிறீற்றை உடைக்காமலே அதன் வலிமையைக் கணிக்கும் முதிர்வு முறையை முன்வைத்து இப்போக்கினைப் பரிசீலிப்போம்.

சீமெந்து நீருடன் தாக்கமுறுவதாலேயே கொங்கிறீற்று இறுகுகிறது. வெப்பநிலை குறையுமிடத்து அத்தாக்கம் மந்தமடையும். எனவே கழிந்த நாட்களை மாத்திரம் எண்ணுதல் போதாது. வெப்பநிலையையும் காலத்தையும் இணைத்தே நோக்குதல் வேண்டும். ஒரே கலவை ஒரே முதிர்வை எய்தும்போது ஏறத்தாழ ஒரே வலிமையைப் பெறும் என்னும் விதியைச் சோல் என்பார் 1951இல் வகுத்துரைத்தார். வார்ப்பினுட் புதைத்த உணரி வெப்பநிலையைப் பதிவுசெய்யும். அக்கலவைக்கென ஆய்வுகூடத்தில் முன்னரே பெற்ற வரைபினைக் கொண்டு வலிமை கணிக்கப்படும்.

இவ்வறிவு நூலில் இருந்த காலத்திலேதான் ஐக்கிய அமெரிக்காவில் இரு பேரழிவுகள் நிகழ்ந்தன. 1973 மார்ச் 2ஆம் நாள், வேர்ஜினியாவில், போதிய வலிமை பெறாத தளத்தின் முட்டுகள் முன்கூட்டியே அகற்றப்பட்டதால் அடுக்குமாடிக் கட்டடமொன்று சரிந்தது. 14 தொழிலாளர் இறந்தனர். 1978 ஏப்பிரல் 27இல், மேற்கு வேர்ஜினியாவின் வில்லோ ஐலண்டில், குளிர்விப்புக் கோபுரமொன்றின் சாரம் முதல்நாள் வார்த்த கொங்கிறீற்றிலேயே பொருத்தப்பட்டிருந்தது. குளிரில் இறுகிய அவ்வார்ப்பு சுமையைத் தாங்கவில்லை. 51 பேர் மாண்டனர். இவ்வழிவுகளை ஆராய்ந்ததன் பின்னரே அங்கு முதிர்வு முறை மீது அக்கறை வலுத்தது. அதற்கான அமெரிக்க நியமம் 1987இல் வெளிவந்தது. விதிக்கும் நியமத்துக்கும் இடையே 36 ஆண்டுகள். இத்தாமதத்தை அறிவின் போதாமை கொண்டு மட்டும் விளக்க முடியுமா?

ஓர் ஆக்கத்தை, அது கூறுவனவற்றோடு கூறாது விடுவனவற்றையும் கொண்டு மதிப்பிடுதல் திறனாய்வின் நெறியாகும். கருவிக்கும் அது பொருந்தும். உணரி அறிவது வெப்பநிலையை மட்டுமே. கலவையில் நீர் மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருப்பின் அதனை அது உரைக்காது. ஆதலின் வேறு சோதனைகளாலும் வலிமையை உறுதிசெய்தல் அவசியமாகின்றது. அன்றியும், உயிர்காக்கும் இதே எண்தான் பலகைகளை விரைந்து கழற்றி அடுத்த தளத்தைத் தொடங்கவும் அனுமதிக்கின்றது. இலாபத்தின் வேகமும் தொழிலாளியின் பாதுகாப்பும் ஒரே அளவையில் மோதுகின்றன. அந்த எண்ணை யார் வாசிக்கிறார், வேலையை நிறுத்த யாருக்கு அதிகாரம் உண்டு என்பன உற்பத்தி உறவுகள் பற்றிய வினாக்களாம். சாரத்தில் நிற்பவர்கள் அதனை அறியவும், போதாதெனில் ஏற மறுக்கவும் உரிமை பெறும்போதே இவ்வறிவியல் தன் பயனை முழுமையாக எய்தும்.