நட்சத்திரம் சொல்வதும் சொல்லாததும்

மின்சாதனக் கடைக்குச் செல்லும் வாசகர் ஒவ்வொருவரும் அந்த லேபிளைப் பார்த்திருப்பீர்கள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, ஏ.சி., கீசர் ஆகியவற்றின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திர லேபிள்தான் அது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள். ஐந்து இருந்தால் சிக்கனம், ஒன்று இருந்தால் ஊதாரித்தனம் என்று விற்பனையாளர் விளக்குகிறார். நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுகிறோம்.

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நம் நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் ஒட்டப்பட்டுள்ள இந்தச் சிறு தாளுக்கு ஏன் ஒரு மதிப்புரை எழுதக் கூடாது? வீட்டு மின்செலவைக் குறைக்க விரும்பும் குடும்பத்துக்கு அது எந்த அளவுக்கு உண்மையான வழிகாட்டி என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் அதன் வரலாறு. 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ், 2002-இல் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. நட்சத்திரத் திட்டம் 2006-இல் தொடங்கியது. 2010-இல் ஏ.சி.க்கும், உறைபனி படியாத வகைக் குளிர்பதனப் பெட்டிக்கும் லேபிள் கட்டாயமாயிற்று. கூரை மின்விசிறிக்கு 2023-இல்தான் கட்டாயமாயிற்று. இத்திட்டம் வருவதற்கு முன் ஒரு சாதனம் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதை வாங்குபவர் அறிய வழியே இல்லை. அந்த இருட்டை நீக்கியது இந்த லேபிளின் பெரும் தொண்டு. இதை மறுப்பதற்கில்லை.

மின்விசிறி: நல்ல மதிப்பெண்

லேபிள் மிகச் சிறப்பாகப் பணியாற்றும் இடம் மின்விசிறி. ஒரு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதை, அதற்காக இழுக்கும் வாட்டால் வகுக்கிறார்கள். 210 கன மீட்டர் காற்றுக்கு 70 வாட் செலவானால் மதிப்பு 3. அதே காற்றுக்கு 35 வாட் போதுமானால் மதிப்பு 6. காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்து அளப்பதால், காற்றே வராத விசிறி நட்சத்திரம் பெற்றுவிட முடியாது.

பலன் என்ன என்று கணக்கிடுவோம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் முழு வேகத்தில் சுழன்றால், 60 நாளில் 67.5 யூனிட் ஆகும். தூரிகையில்லா நேர்மின் மோட்டார் பொருத்திய 30 வாட் விசிறிக்கு 27 யூனிட்தான். ஒரே ஒரு விசிறியில் 40 யூனிட் மிச்சம்! நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்தியாகும்போது சராசரியாக ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. எனவே அந்த இரண்டு மாதத்தில் சுமார் 28 கிலோ வாயு வானில் கலக்காமல் தடுக்கப்படுகிறது.

குளிர்பதனப் பெட்டி: வகுப்புக்குள் மட்டும் முதலிடம்

இங்கே குறை தொடங்குகிறது. நட்சத்திரம் என்பது வகுப்புக்குள் தரப்படும் மதிப்பெண். ஐந்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவனையும், பத்தாம் வகுப்பில் மூன்றாமிடம் பெற்ற மாணவனையும் ஒப்பிட்டு யாருக்கு அதிகக் கணக்குத் தெரியும் என்று சொல்ல முடியுமா? அதைப் போலவே, கொள்ளளவு கூடக்கூட அனுமதிக்கப்படும் மின்செலவும் கூடுகிறது. ஆகவே 500 லிட்டர் கொண்ட ஐந்து நட்சத்திரப் பெட்டி, 200 லிட்டர் கொண்ட மூன்று நட்சத்திரப் பெட்டியைவிட அதிகம் செலவழிக்கக் கூடும்.

ஒரு குடும்பம் சிறிய பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு, ‘ஐந்து நட்சத்திரம்தானே’ என்று இரு மடங்கு பெரியதை வாங்குகிறது. மின்கட்டணம் குறையவில்லை. உடனே, ‘சிக்கனம், பசுமை எல்லாம் வெறும் பேச்சு’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பண இழப்பைவிட இந்த நம்பிக்கை இழப்பே பெரிது எனலாம்.

இத்தனைக்கும் உண்மை அதே லேபிளிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் கண்ணைப் பறிப்பது நட்சத்திரமே. மின்கணக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை என்றால் அந்த எண்ணை 6 ஆல் வகுங்கள். மாதந்தோறும் என்றால் 12 ஆல் வகுங்கள். பெட்டி ஆண்டு முழுவதும் இயங்குவதால், கட்டணத்தில் ஏறப்போகும் தொகையை அதிலிருந்து ஓரளவு மதிப்பிடலாம்.

ஏ.சி.: சராசரி நாடு, சராசரி மணி

ஏ.சி. லேபிளில் இந்தியப் பருவகால ஆற்றல் திறன் விகிதம் என்ற எண் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு எத்தனை யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது என்பதே அதன் பொருள். சுவரில் பிரித்து மாட்டும் வகைக்கு 2018-இல் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலை முதல் அதற்கு 5 தேவைப்பட்டது. அதாவது நேற்றைய ஐந்து இன்று நான்காகிவிடும். எனவே நட்சத்திரத்தை எண்ணுவதோடு, லேபிளில் உள்ள ஆண்டையும் படிக்க வேண்டும்.

இந்த விகிதம் ஆண்டுக்கு 1600 மணி நேர ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஓர் இல்லத்தில் நாளுக்கு 8 மணி வீதம் 300 நாள் ஓடினால் 2400 மணி ஆகிறது. லேபிளில் உள்ளதைப் போல் ஒன்றரை மடங்கு! மேலும், அந்தக் கணக்கு வெளியிலுள்ள வெப்பநிலையை 24 முதல் 43 டிகிரி வரை பிரித்து எடைபோடுகிறதே தவிர, கடலோரத்தின் புழுக்கத்தைத் தனியாக எடைபோடுவதில்லை.

புழுக்கம் அற்பமானதன்று. நீராவி குளிர்ந்து ஒரு லிட்டர் நீராகும்போது சுமார் 2400 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 0.67 யூனிட் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு டன் ஏ.சி. மணிக்கு வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3.5 யூனிட். அதன் குழாயிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் நீர் சொட்டினால், ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு காற்றை உலர்த்துவதற்கே போய்விடுகிறது. சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து நீங்களே சரிபார்க்கலாம்.

வெளியே 36 டிகிரி இருக்கும்போது அறையை 20 டிகிரியில் வைத்தால் வேறுபாடு 16. 26 டிகிரியில் வைத்தால் 10. சுவர் வழியாக உள்ளே கடத்தப்படும் வெப்பம் இந்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. விகிதம் 4-இலிருந்து 5 ஆக உயர்ந்தால் கிடைக்கும் மிச்சமோ 20 சதவீதம்தான். 2020 முதல் ஏ.சி.க்கள் இயக்கியதும் 24 டிகிரியில் நிற்கும்படி விதி செய்யப்பட்டது. ஆனால் அதைக் குறைக்கும் பொத்தான் நம் கையில் இருக்கிறது.

கீசர்: முக்கியமானதை விட்ட லேபிள்

மிகப் பெரிய குறையை இங்கே காண்கிறோம். நீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசருக்கு நட்சத்திரம் வழங்கப்படுவது, சூடான நீர் சும்மா இருக்கும்போது இழக்கும் வெப்பத்தைக் கொண்டுதான். நீரைச் சூடாக்கும் ஆற்றல் இதில் வராது. கம்பிச்சுருள் எந்தக் கீசரிலும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கிவிடுமாதலால், அதில் வேறுபாடு காண இடமில்லை என்பது உண்மையே. ஆனால் வாங்குபவர் புரிந்துகொள்வது வேறு.

15 லிட்டர் நீரை 30 டிகிரி உயர்த்த 15 × 4.2 × 30 = 1890 கிலோஜூல், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் தேவை. நால்வர் குளித்தால் நாளுக்கு 2.1 யூனிட்; 60 நாளில் 126 யூனிட். ஒரு நட்சத்திரமானாலும் ஐந்தானாலும் இதில் மாற்றமில்லை. நாள் முழுதும் கீசரை இயக்கத்தில் விட்டுவைப்பவருக்கு நட்சத்திரம் உதவும். குளிக்குமுன் போட்டு, பிறகு அணைத்துவிடுபவருக்கு உதவி சொற்பமே. அவருக்கு உண்மையான சேமிப்பு குறைந்த சூட்டிலும், குறைந்த நீரிலும், மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலனிலும் இருக்கிறது.

முடிவாக

லேபிள் பொய் சொல்லவில்லை; ஆனால் மெல்லச் சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்கிறது, உரக்கச் சொல்ல வேண்டியதை மெல்லச் சொல்கிறது. யூனிட் எண் பெரிதாகவும் நட்சத்திரம் சிறிதாகவும் அச்சாக வேண்டும். எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு அந்தக் கணக்கு என்பதும் பளிச்சென்று தெரிய வேண்டும். கடலோரத்துக்குத் தனி மதிப்பீடு வேண்டும். கீசரில், ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை யூனிட் என்று எழுதினாலே போதும்.

அதுவரை, மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மின்மீட்டரே சிறந்த லேபிள். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அதன் முகப்பில் அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு நிமிடத்தில் சிமிட்டும் எண்ணிக்கையை 18.75 ஆல் பெருக்குங்கள், அதுவே வாட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு நான்கு என்றால் 75 வாட். மாற்ற வேண்டிய விசிறி எது என்பது தெரிந்துவிடும். வீட்டிலுள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக இப்படி அளந்து பட்டியலிட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.