மனமே: பாட்டுக்குள் நின்ற தயக்கம்

நாடக விமர்சனம் எழுதுவது பல்கலைக்கழகத்தாரின் வேலை என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. நான் பல்கலைக்கழகம் சென்றவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, வயல் சூழ்ந்த ஓர் ஊரிலே இருபது வருடங்களுக்கும் மேலாகக் கற்பித்து வருபவன். எனினும் பல்கலைக்கழகம் தந்த ஒரு நாடகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நாடகம் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே'.

கலாசாலைக் காலத்தில், சிங்கள நண்பர் ஒருவருடன் பேராதனைத் திறந்தவெளி அரங்கிற்குச் சென்றிருந்தேன். மலைச்சரிவின் பள்ளம் ஒன்றையே அரங்காக்கியிருக்கிறார்கள். மாணவர்கள் அதனை 'வல' என்பார்கள். பள்ளம் என்பதே பொருள். இன்று அது சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று மேடையில் நின்றவர்கள் 1956 இல் நடித்தவர்கள் அல்லர். எனக்குச் சிங்களமும் அப்போது அரைகுறை. ஆனால் முதல் மத்தளச் சத்தம் எழுந்ததும், 'இது நான் கேட்ட சத்தமல்லவா' என்ற எண்ணம் வந்தது.

எங்களுடையது முஸ்லிம் ஊர். வயலுக்கு அப்பால் தமிழ்க் கிராமம். சிறுவயதில் இரவு வேளைகளில் அங்கிருந்து கூத்து மத்தளம் கேட்கும். வாப்பாவுடன் சென்று களரியின் ஓரத்தில் நின்று பார்த்ததும் உண்டு. 1990 இற்குப் பிறகு அந்தச் சத்தம் வெகுகாலம் கேட்கவில்லை. வயலைத் தாண்டிப் போவாரும் இல்லை, வருவாரும் இல்லை. அப்படித் தொலைந்த சத்தத்தை மீண்டும் பேராதனையில், ஒரு சிங்கள நாடகத்தில் கேட்டேன். அதன் காரணத்தைத் தேடிப் படித்தது பின்னர்தான்.

'மனமே' 1956 நவம்பர் 3 ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அளித்தவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சிங்கள நாடகக் குழுவினர். சரச்சந்திர அதற்கு முன்னரே சிங்கள நாட்டார் நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். ஜப்பான் சென்று நோ, கபுகி ஆகிய அரங்குகளைக் கண்டு வந்தவர். ஆனால் நாடகத்தின் உடலை அவர் ஜப்பானிலிருந்து எடுக்கவில்லை. தென்கரையில் எஞ்சியிருந்த 'நாடகம' என்ற ஆட்ட வடிவத்திலிருந்து எடுத்தார். அதன் பாட்டையும் தாளத்தையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அம்பலாங்கொடையிலிருந்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற நாடகம ஆசானை அழைத்து வந்தார்.

'நாடகம' என்ற பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. வடமேற்குக் கரையோரக் கத்தோலிக்கத் தமிழரிடையே வழங்கிய கூத்துக்களே சிங்களக் கரையோரத்தில் நாடகம ஆயின என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. அதன் பாடல் வகைகளுள் 'இன்னிசே' என்று ஒன்று உண்டு. அது நமது இன்னிசைதான். நாடகமவில் பாத்திரங்களை அறிமுகம் செய்து கதையை நடத்திச் செல்பவர் 'பொத்தே குரு'. மட்டக்களப்புக் கூத்தில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஏட்டண்ணாவியாரை அறிந்தவர்களுக்கு அவரை இனங்காண்பது சிரமமல்ல.

இங்கே ஆண்டையும் கவனிக்க வேண்டும். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1956 ஜூனில். அதன் பின் ஐந்து மாதங்களில், நவீன சிங்கள அரங்கின் தலையாய படைப்பு என்று இன்றுவரை போற்றப்படும் நாடகம் தமிழ்க் கூத்தின் வழிவந்த ஒரு வடிவத்தில் மேடையேறியது. அரசியல் பிரித்ததைக் கலை சேர்த்தது என்று சுலபமாக எழுதிவிட நான் தயாரில்லை. மேடையேற்றத்தால் சட்டம் மாறிவிடவில்லை. 1958 இல் நடந்தவையும் நமக்குத் தெரியும். ஆயினும் இந்த நாட்டின் கலைகள் எவ்வாறு உருவாயின என்பதற்கு இது ஒரு சான்று.

இனி நாடகத்திற்கு வருவோம். கதை சூள தனுக்கக ஜாதகத்திலிருந்து எடுக்கப்பட்டது. குருகுலத்தில் கல்வி முடித்த இளவரசன் மனமே, குருவின் மகளை மணந்து காட்டு வழியே நாடு திரும்புகிறான். ஜாதகக் கதையில் அவர்களை மறிப்பது கள்வர் கூட்டம். நாற்பத்தொன்பது பேரை நாற்பத்தொன்பது அம்புகளால் வீழ்த்தியபின், எஞ்சிய தலைவனைக் கீழே தள்ளி வாளைக் கேட்கிறான் கணவன். மனைவியோ கள்வன்மேல் ஆசைகொண்டு வாளின் பிடியை அவன் பக்கம் நீட்டிவிடுகிறாள். பெண்ணை நம்பாதே என்பதே கதையின் பாடம்.

சரச்சந்திர செய்த மாற்றம் சிறியது. ஆனால் நாடகமே அதில்தான் இருக்கிறது. கள்வன் வேடர் அரசன் ஆகிறான். தன் கூட்டத்தை விலக்கி வைத்துவிட்டுத் தனியாகப் பொருதுகிறான். இளவரசன் வாளைக் கேட்கும்போது அவள் உடனே கொடுப்பதில்லை. தனித்து நின்று பொருதியவனைக் கொல்ல வேண்டுமா என்று கணவனிடம் இரங்கிக் கேட்கிறாள். அந்தத் தயக்கத்தின் இடைவெளியில் வாள் வேடர் அரசன் கைக்குப் போகிறது. இளவரசன் இறக்கிறான். பின்னர் வேடர் அரசனும் அவளை நம்பாது விட்டுச் செல்கிறான். காட்டில் தனித்து நின்று அவளும் உயிர் விடுகிறாள்.

அவள் குற்றவாளியா? அது கருணையா, ஆசையா, இரண்டும் கலந்ததா? ஜாதகக் கதை தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறது. நாடகம் அதனைப் பார்ப்போரிடம் விட்டுவிடுகிறது. குரசோவாவின் 'ரஷோமோன்' திரைப்படம் சரச்சந்திரவைப் பாதித்தது என்பார்கள். இந்த இடத்தில் அதனை உணரலாம்.

ஆனால் எனது கருத்து வேறொன்று. இந்தத் தயக்கத்தை வசனத்தில் எழுதியிருந்தால் அது வெறும் வாதமாகியிருக்கும். அவள் வழக்கறிஞர்போலப் பேசியிருப்பாள். 'மனமே'யில் அவள் பாடுகிறாள். பாட்டு நேரத்தை இழுக்கிறது. தாளம் ஓடிக்கொண்டிருக்க, குரல் சற்றுப் பின்தங்கி நிற்கிறது. நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது. கணவனுக்கும் வேடனுக்கும் இடையில் அவளுடைய மனம் நிற்கும் இடத்தை அந்தக் குரலின் இழுப்பிலேதான் நாம் காண்கிறோம். மொழி அரைகுறையாகத் தெரிந்த எனக்கே அது விளங்கியதென்றால், காரணம் சொல் அல்ல. மேடையில் நிற்கும் பெண் தன் சொந்த மூச்சில் பாடியதுதான். பழைய நாடகமவில் பெண் வேடத்தையும் ஆண்களே தாங்கினர். பல்கலைக்கழக மேடையேற்றத்தில் பெண்ணே பாடினாள். சரச்சந்திரவின் முடிவுகளுள் இது மிகப் பயனுள்ளது என்பேன்.

குறைகளும் உண்டு. இளவரசிக்குச் சொந்தப் பெயர் கிடையாது. கணவனின் பெயரோடு சேர்த்தே அவள் அழைக்கப்படுகிறாள். அவள் தரப்பைத் திறந்து காட்டிய நாடகாசிரியர், கடைசியில் சாகும் தண்டனையை அவளுக்கே கொடுத்துவிட்டார். இரவிரவாக நடந்த நாடகமவைச் சுருக்கி நகரத்து இரசனைக்கு ஏற்பச் செதுக்கியதில், கிராமத்துக் களரியின் பகிடியும் நெரிசலும் போய்விட்டன. இன்னுமொன்று: சரச்சந்திரவின் பெயர் அறிந்த நூறு பேரில் குணசிங்க குருன்னான்சேயின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

'மனமே' தந்த உந்துதல் தமிழ்ப் பக்கத்திலும் பலன் தந்தது. அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக்கொண்டு மேடையேற்றினார். 1962 இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 1968 இல் 'வாலி வதை'. 'இராவணேசனி'ல் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் அத்துறையின் பேராசிரியரானார். 'கர்ணன் போரை'ப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். அங்கும் விடிய விடிய ஆடியது மணித்தியாலக் கணக்கிற்குச் சுருங்கியது. நாலா பக்கமும் சனம் சூழ்ந்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடையாகியது. கூத்தின் உயிரை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உளர்.

அந்தக் குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கவில்லை. நேரம் குறைந்தது, களரி மாறியது, உண்மை. ஆனால் இரண்டு பேராசிரியர்களும் குறைக்காத ஒன்று இருக்கிறது. மாணவர்களைக் கிராமத்து ஆசான் ஒருவரின் முன் இருத்தினார்கள். பட்டம் படிக்க வந்த பிள்ளைகள் தாளக்கட்டை அவர் வாயிலிருந்து கேட்டு, காலில் ஏற்றி, தாமே பாடி ஆடினார்கள். 'மனமே'யும் 'கர்ணன் போரு'ம் நின்றது இதனாலேதான்.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என்னுடைய பிழையொன்றே காரணம்.

சில வருடங்களுக்கு முன் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக மாணவர்களைக்கொண்டு ஒரு பாட்டு நாடகம் தயாரித்தேன். கூத்துச் சாயல் இருக்கட்டும் என்று எண்ணினேன். பழக்க நேரமில்லை. ஆகவே பாடல்களை ஒலிப்பதிவுக் கூடமொன்றில், வேறு பாடகர்களைக்கொண்டு, கீபோர்ட் இசையுடன் பதிந்தேன். பிள்ளைகள் வாயசைத்து ஆடினால் போதும். பளபளக்கும் உடுப்பு, அட்டைக் கிரீடம் எல்லாம் தயார். ஒத்திகையின்போது எட்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், பாட்டு நிண்டிட்டா நாங்க என்னத்தச் செய்யிற?" நான் சிரித்துவிட்டு, "அதெல்லாம் நிக்காது" என்றேன்.

போட்டியன்று மின்சாரம் நின்றது. பிள்ளைகள் திறந்த வாயோடு மேடையில் நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு வரிகூடப் பாடத் தெரியாது. மின்சாரம் வந்ததும் பாட்டு நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. பிள்ளைகளும் ஆடி முடித்தார்கள். எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. உடுப்பு அழகாக இருந்ததாம். அந்தச் சான்றிதழ் இப்போதும் பாடசாலைச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாணவியின் கேள்விதான் நினைவுக்கு வரும்.

அடுத்த வருடம் வயலுக்கு அப்பாலிருந்து வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒருவரை அழைத்து வந்தேன். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தளம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். பெரியவர் எதையும் பொருட்படுத்தவில்லை. ஒரு பையனின் தோளில் தட்டித் தாளம் காட்டிச் சொன்னார்: "மகன், பாட்டு முடியிறதுக்கு முன்ன கால் முடியப்படாது." நாங்கள் கலாசாலையில் இரண்டு வருடம் படித்த அரங்கியல் குறிப்புகளில் இந்த வசனம் இருக்கவில்லை. பேராதனையில் அந்த இளவரசி செய்தது இதுவே என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுடைய கால் பாட்டை விட்டு ஓடவில்லை, பாட்டுக்குள் நின்றது.

அந்த வருடம் எங்களுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் குரல் ஒலிவாங்கியில் சரியாக ஏறவில்லை. இரண்டு பேர் சுருதி விட்டார்கள். பாட்டு எடுப்பாக இல்லை என்று நடுவர் ஒருவர் குறிப்பெழுதினார். அவர் எழுதியது சரி. பதிந்த பாட்டோடு போட்டியிட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரல் தோற்கத்தான் செய்யும்.

ஆகவே போட்டிகளை நடத்துவோரிடமும் என் போன்ற ஆசிரியர்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். பாட்டு நாடகம் என்று ஒன்றை மேடையேற்றினால், மேடையில் நிற்பவரே பாட வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இசை குறையட்டும், உடுப்பு குறையட்டும். கிராமத்தில் எஞ்சியிருக்கும் அண்ணாவிமாரைப் பாடசாலைக்கு அழையுங்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதற்காக மட்டுமல்ல, பிள்ளைகளைப் பழக்குவதற்காக. நாட்கூலியை விட்டு வருபவர்கள் என்பதை மறவாமல் அதற்கான கொடுப்பனவையும் ஒழுங்கு செய்யுங்கள். நிகழ்ச்சி நிரலில் நெறியாளரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அவர்களுடைய பெயரையும் போடுங்கள்.

வந்தாறுமூலையில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1962 இல் அவ்வூரிலிருந்து ஓர் அண்ணாவியார் பேராதனைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பழக்கினார். இன்று எங்கள் பாடசாலையிலிருந்து அண்ணாவியார் வீட்டிற்கு வயல்வரம்பால் நடந்தால் அரை மணித்தியாலம். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வருகிற தவணையும் அவரை அழைத்திருக்கிறேன்.