உசத்தி ரத்தமும் ஓட்டல் கழிவும்

வெண்பன்றி வளர்ப்பவர்களிடம் புதிதாக ஒரு மோகம். ‘நல்ல ரத்தம்’ இறக்கிவிட்டால் கறி தானாக ஏறுமாம். டியூராக், பியட்ரேன் என்று இனப் பெயர் சொல்லி ஆண்பன்றிகளுக்கு விலை பேசுகிறார்கள். மறுத்துப் பேசினால் மரபணு அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

சாட்சி பொய்யில்லை. 2003இல் சுவீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர் ஐஜிஎஃப்2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றம் உள்ள பன்றிக்கு 3 முதல் 4 விழுக்காடு தசை கூடுதல். தகப்பன் வழி வந்த பிரதிதான் தசையில் வேலை செய்யும் என்பதால், ஆண்பன்றியை மாற்றினாலே போதும் என்று விற்பவர் சொல்ல இடமிருக்கிறது. நம்மூரிலேயே காட்டுப்பாக்கத்தில் உருவான கலப்பினம் ‘டானுவாஸ் கேபிஎம் கோல்டு’ முக்கால் பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர், கால் பங்கு நாட்டுப்பன்றி. அதிலும் எனக்குக் குறை இல்லை.

என் குறையெல்லாம் தீவனத் தொட்டியைப் பற்றியது. பல வருடமாகச் சொல்லி வருவதுதான். நம் பக்கத்துப் பண்ணைகள் பெரும்பாலும் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபக் கழிவில்தான் ஓடுகின்றன. சோறு, சாம்பார், காய்கறித் தோல். மாவுச்சத்து மிதக்கிறது, லைசினைக் காணோம். பன்றிக்குத் தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் முதலில் தட்டுப்படுவது லைசின்தான்; சோற்றில் அது சொற்பம். அது தீர்ந்ததும் தசை வளர்வது நின்றுவிடும், மீதி மாவுச்சத்து முதுகுக் கொழுப்பாகச் சேரும். வேகமாகத் தசை கட்டும் இனத்துக்கு லைசின் தேவையும் அதிகம். ஆகவே இந்தத் தொட்டியில் அதிகம் ஏமாறுவது உசத்தி ரத்தப் பன்றிதான். ஆரணியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையில் எவ்வளவு அழகான புட்டா வெட்டியிருந்தாலும், ஊடைக்கு ஜரிகை இல்லையென்றால் சேலையில் அது விழாது.

கணக்கு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். தசைநார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 90ஆம் நாளுக்குள் முடிவாகிவிடும். பிறந்தபின் நார் பருக்குமே தவிர எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. கருப்பையில் நெருக்குண்டு சவலையாகப் பிறக்கும் குட்டிக்கு நார்களும் குறைவு. சினைப்பன்றிக்குத் தனித் தீவனம் வையுங்கள் என்றால், அதற்குப் பணம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆண்பன்றி வாங்க மட்டும் பணம் வந்துவிடுகிறது.

பியட்ரேன் கதை இன்னும் மோசம். பெல்ஜியத்தில் தொடை பெருத்தவற்றையே தேர்ந்தெடுக்கப் போய், கூடவே பரவியது ஹாலோதேன் மரபணுக் கோளாறு. எந்த எழுத்து பிசகியது என்பதை 1991இல் டொரண்டோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு பிரதியிலும் அந்தப் பிசகு இருந்தால், மிரட்சியிலோ வெயிலிலோ தசை விறைத்து உடல் கொதித்துப் பன்றி செத்துவிழும். வெட்டும்வரை பிழைத்தாலும் கறி வெளிறி நீர் வடியும். மேல்நாடுகளில் மரபணுச் சோதனை செய்து அவற்றைக் கழிக்கிறார்கள். கத்திரி வெயிலில் டெம்போவில் பன்றி ஏற்றுகிற நம்மில் எத்தனை பேர் அந்தச் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குகிறோம்?

2015இல் தென்கொரிய, சீன ஆய்வாளர்கள் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவை முடக்கி ‘இரட்டைத் தசை’ப் பன்றிகளைப் பிறப்பித்தார்கள். குளோனிங் முறையில் பிறந்த 32 குட்டிகளில் எட்டு மாதம் வரை இருந்தவை 13. குளோனிங்கும் காரணமாக இருக்கலாம்; இருக்கட்டும். புட்டம் புடைத்த அந்தப் பன்றிகளின் படத்தைக் காட்டுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

அப்படியே தசை ஏறினாலும் அதற்குக் காசு தருவது யார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் வெட்டிய உடலின் கறி விகிதத்தை அளந்து தரம் பிரிக்கிறார்கள். 60 விழுக்காடும் அதற்கு மேலும் ‘எஸ்’ தரம். இங்கே உயிரெடைக்குக் கிலோ விலை. கொழுப்பும் தசையும் வியாபாரிக்கு ஒன்றுதான். குடகுக்காரர்கள் தோலும் கொழுப்பும் சேர்ந்த கறியைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். முதுகுக் கொழுப்பை அளக்க ஒரு கருவியும் தரத்துக்கேற்ற விலையும் வருகிறவரை, ஆண்பன்றிக்கு வைத்திருக்கும் பணத்தில் சோயாப் புண்ணாக்கு வாங்கிச் சினைப்பன்றிக்கு வைக்கலாம்.