பழைய ஜீப்பும் புதிய பிக்கப்பும்

1940களின் இறுதியில் மும்பை மஸகானில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அந்த மரபில் வந்த சிஜே-3பி, உயர்ந்த போனட்டைக் கொண்டே இன்றும் எளிதில் அடையாளம் காணப்படும் வண்டி. டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் இந்தியாவுக்கு வந்த பிக்கப். கர்நாடகத்தின் பிடதியில் தயாராவது. இரண்டும் உருவான காலங்களுக்கு நடுவே ஏறத்தாழ 70 ஆண்டுகள். ஆனால் எலும்புக்கூடு மாறவில்லை: தனி சேஸிஸ், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை.

மாறியது உருவம். ஜீப்பின் நீளம் சுமார் 3.3 மீட்டர், எடை 1 டன் அளவு. ஹைலக்ஸ் 5.3 மீட்டர், 2 டன்னுக்கு மேல். தாணே மாவட்டத்தில் முர்பாட், ஷஹாபூர் பக்கத்து வயல் தடங்கள் ஆடி மழையில் ஊறிக் கிடக்கும்போது, குதிரைத்திறனைவிட இந்த அளவுகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டரே உள்ள ஜீப், வரப்பு மேட்டை வயிறு தட்டாமல் தாண்டும். 3 மீட்டரைக் கடந்த பிக்கப் அதே மேட்டில் உட்கார்ந்துவிடலாம். சேற்றில் சிக்கிய ஜீப்பை நாலு பேர் சேர்ந்து தள்ளி எடுப்பதுண்டு. பிக்கப்பை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும்.

பிக்கப்பின் வலிமை வேறு இடத்தில் உள்ளது. ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தந்தது சுமார் 75 குதிரைத்திறன், ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் 204 தருகிறது. 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கலாம் என்கிறது நிறுவனம். பின் அச்சில் டிஃபரன்ஷியல் லாக் இருப்பதாலும், வழுக்கும் சக்கரத்தை மின்னணுக் கருவியே அடக்கிவிடுவதாலும் கைதேர்ந்த ஓட்டுநர் இல்லாமலும் காரியம் நடக்கும். நாசிக் நெடுஞ்சாலையிலோ கசாரா மலைச்சாலையிலோ ஒப்பீட்டுக்கே இடமில்லை. டிரம் பிரேக் மட்டும் கொண்ட, காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் அற்ற ஜீப்பை அங்கே வேகமாக ஓட்டுவதை ரசனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது; அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஜீப்பைத் தெருவோர மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார், உதிரிபாகம் குர்லாவில் கிடைக்கும் என்பது ஆர்வலர் வாதம். உண்மைதான், ஆனால் அந்தப் புகழில் பாதி, வண்டி அடிக்கடி நின்றுபோனதால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோடு, இந்த ஜீப்பைப் போல 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பிப்பும் உண்டு.

பிக்கப்பின் பெரிய குறை, ஏற்றச் சுமையில்லாமல் அதை வாங்குபவரிடமிருந்து வருகிறது. சுமைக்கென்று இறுக்கிய பின் ஸ்பிரிங், தொட்டி காலியாக இருந்தால் குதிக்கும். பாரமில்லாத பின்சக்கரம் ஈரச் சாலையில் பிடி தளரும். திரும்ப 6.4 மீட்டர் ஆரம் கேட்கும் வண்டி தாணே நகரின் நௌபாடா சந்துகளில் திணறும். தாணேயின் சந்தைச் சரக்கை அதன் விலையில் பாதிகூட ஆகாத பொலேரோ பிக்கப்புகளே சுமந்துவிடுகின்றன. பண்ணையும் ஏற்ற வேண்டிய பாரமும் உள்ளவருக்கு ஹைலக்ஸ் தகும். மழைக்காலத்தில் சில கிலோமீட்டர் சேற்றுத் தடத்தை மட்டும் கடக்க வேண்டியவருக்கு, பிரேக்கும் ஸ்டியரிங்கும் செப்பனிட்ட ஜீப்பே போதும்.