மோதினால் யார் குற்றம்?

2013 அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் ஸ்டேடியம். பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4 என்ற நிலை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் கேட்சர் மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து விலகிப் போனது. பாய்ந்தும் அதைப் பிடிக்க முடியாத மூன்றாம் பேஸ் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் குப்புறக் கிடந்தார். ஹோம் பிளேட்டை நோக்கிக் கிளம்பிய கார்டினல்ஸ் வீரர் ஆலன் கிரெய்க் அவர்மேல் இடறி விழுந்தார். எழுந்து ஓடிய கிரெய்க்கைப் பிளேட்டுக்கு முன்பே பந்தால் தொட்டுவிட்டார்கள். ஆனாலும் ரன் செல்லும் என்றார்கள் நடுவர்கள். அந்த ரன்னில் ஆட்டம் முடிந்தது.

மிடில்புரூக்ஸ் வேண்டுமென்றே காலைத் தூக்கினாரா என்று அன்றிரவு முழுக்க வாதம். விதிக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. பந்து கையில் இல்லாமல், அதைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாமல் ஒரு ஃபீல்டர் ஓட்டக்காரரைத் தாமதப்படுத்தினால் அது 'அப்ஸ்ட்ரக்‌ஷன்', அதாவது மறிப்பு. பாய்ந்து பிடிக்கத் தவறியவர் அங்கேயே கிடப்பதும் பெரும்பாலும் மறிப்புதான் என்கிறது விதிநூலின் குறிப்பு. கிரிக்கெட்டில், ஃபீல்டிங்கைத் தடுத்ததாக ஒருவரை அவுட் ஆக்க அவர் மனமறிந்து செய்ததாக நடுவர் கருத வேண்டும். பேஸ்பால் நடுவர் இங்கே யாருடைய மனதையும் படிக்க வேண்டியதில்லை. பாதை யாருடையது என்று பார்த்தால் போதும்.

இதன் மறுபக்கம் 'இன்டர்ஃபியரன்ஸ்', குறுக்கீடு. அடிக்கப்பட்ட பந்தை எடுக்கப் போகும் ஃபீல்டருக்கே வழி. ஓட்டக்காரர்தான் விலக வேண்டும். அந்த உரிமையும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபீல்டருக்குத்தான். எறியப்பட்ட பந்து என்றால் மட்டும் ஓட்டக்காரரின் நோக்கம் கணக்கில் வரும். கண் இமைக்கும் நேரத்தில் முடிவு சொல்ல வேண்டியவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் கிடைப்பது அரிது.

நோக்கத்தைத் தொட்டே ஆக வேண்டிய இடத்தையும் புதிய விதி சாமர்த்தியமாகக் கையாள்கிறது. 2015 பிளேஆஃபில் ஓட்டக்காரர் சேஸ் அட்லி சறுக்கி மோதியதில் மெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ரூபன் தெஹாதாவின் கால் முறிந்தது. அடுத்த ஆண்டு வந்த விதி, 'காயப்படுத்த நினைத்தாரா' என்று கேட்கவில்லை. பேஸை எட்டும் முன்பே சறுக்கத் தொடங்கினாரா, பேஸை அடையவும் அதில் தங்கவும் முயன்றாரா, மோதுவதற்காகப் பாதை மாறினாரா என்று கேட்கிறது. எல்லாமே கண்ணுக்குத் தெரிபவை. ரீப்ளேயில் சரிபார்க்கக் கூடியவை.

என் குறை தண்டனையைப் பற்றியது. கிரெய்க்கின் விஷயத்தில், இடறிய கணத்தில் அவரை அவுட் ஆக்கும் முயற்சி எதுவும் நடக்கவில்லை. அப்படிப்பட்ட மறிப்பில் ஆட்டம் ஓடட்டும் என்று விட்டு, 'இடறாமல் இருந்தால் எங்கே போயிருப்பார்' என்று கணித்து நடுவர் ஈடு தருகிறார். இது கற்பனைதான். ஆனாலும் இழப்பின் அளவுக்கே ஈடு. அவுட் ஆக்க முயலும்போதே மறித்தால் இந்த அளவுகோல் போய்விடும். இரண்டு பேஸ்களுக்கு நடுவே சிக்கி அவுட் ஆகவிருந்தவருக்கும் ஒரு பேஸ் உறுதி.

ஓட்டக்காரர் தவறினால் அளவு என்ற பேச்சே இல்லை, அவுட்தான். 2024 மே 23 அன்று சிகாகோவில் ஓரியோல்ஸ் 8-6 என முன்னிலை, கடைசி இன்னிங்ஸ். வைட் சாக்ஸுக்கு இரண்டு ஓட்டக்காரர்கள், ஒரு அவுட். மேலெழுந்த பந்துக்கு 'இன்ஃபீல்ட் ஃப்ளை' அறிவிக்கப்பட்டதால் அடித்தவர் எப்படியும் அவுட். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், ஷார்ட்ஸ்டாப் கன்னர் ஹெண்டர்சனின் வழியில் வந்தார். ஹெண்டர்சன் பந்தைச் சிரமமின்றிப் பிடித்தும் வான் அவுட் ஆனார். ஆட்டம் அத்தோடு சரி. அங்கே நடுவர் தன் விவேகத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று லீக் சொன்னதாக வைட் சாக்ஸ் தரப்பு பின்னர் தெரிவித்தது. அப்படி ஒரு விவேகத்துக்கு விதியின் வாசகத்தில் எங்கே இடம்? நடுவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்டனை கடுமையாக இருந்தால்தான் ஓட்டக்காரர்கள் அடங்குவார்கள் என்பது பழைய பதில். அதில் பாதிதான் உண்மை. டபுள் பிளேயை, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட் எடுப்பதை, கெடுக்க மனமறிந்து குறுக்கிட்டால் அடித்தவரையும் சேர்த்து அவுட் கொடுக்கத் தனி விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே, ஃபீல்டர் பந்தைப் பிடித்து, எந்த வாய்ப்பையும் இழக்காதபோது குறுக்கீட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் உரிமையை நடுவருக்கு எழுத்திலேயே தரலாம். மறிப்பில் 'இடறாமல் இருந்தால்' என்று கணிக்க அவரை நம்புகிற விதிநூல், கண்முன் பிடிக்கப்பட்ட பந்தைப் பார்த்துச் சொல்லவும் நம்பலாம்.