மணலில் நட்ட மத்தி

தென் ஸ்பெயினின் மாலகா நகரில், பெத்ரெகலெஹோ என்ற கடலோரப் பகுதியில், வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுத்தரும் பள்ளிகள் உண்டு. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, மாணவர்களின் மாலைப்பொழுது வகுப்பறையைவிட்டு நகர்ந்து, கடற்கரை உணவகத்தின் அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

அடுப்பு என்பது அங்கே மணல் நிரப்பிய ஒரு படகு. அதில் ஆலிவ் விறகு மெல்லப் புகைந்து கனலாகிறது. சமையற்காரர் கூராகச் சீவிய நாணல் குச்சியில் ஐந்தாறு மத்தி மீன்களை வரிசையாகக் கோக்கிறார். குச்சி முதுகெலும்புக்குக் கீழே போக வேண்டும். தவறினால் வெந்த மீன் கழன்று மணலில் விழும். மேலே கல்லுப்பைத் தூவி, காற்று வரும் பக்கமாகப் பார்த்துக் குச்சியை மணலில் சாய்த்து நடுகிறார். அப்போதுதான் புகை மீனில் படியாது, அனல் மட்டும் தொடும். கொழுப்பு உருகிச் சொட்டும்போது 'சுர்' என்கிறது. தோல் பொன்னிறமாகி மெல்ல உப்பி வெடிக்கிறது. அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்து ஒருமுறை திருப்புகிறார். எஸ்பெத்தோ எனப்படும் இந்தக் குச்சி மீன் தயார். முள்கரண்டி வேண்டாம், கையாலேயே பிட்டுத் தின்பதுதான் வழக்கம்.

மே முதல் ஆகஸ்ட் வரை மத்தி கொழுத்திருக்கும். அந்த மாதங்களில் படிப்பை முடிப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கடைசி மாலையைக் கடைவீதியில் கழித்துவிடாமல், இந்தப் படகடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.