மூன்றாம் அச்சின் பெயர்

தாயில்பட்டிக்குப் பக்கத்தில், வெம்பக்கோட்டை வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்தன. ஒரு மணி குழியின் நீளத்தில் எங்கே, அகலத்தில் எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற மூன்று எண்களும் இல்லையென்றால் அது சான்றாகாது. முப்பரிமாண வரைபடத்தை நியாயமாகக் கோரும் தரவு இதுவே. இத்தகைய தரவை மனத்தில் வைத்து மேட்பிளாட்லிப், க்னுபிளாட், ஆர் மொழியின் பெர்ஸ்ப் ஆகிய மூன்று வரைபடக் கருவிகளையும் எடைபோடலாம். அச்சையும் அதன் பெயரையும் தலைப்பையும் அவை எப்படி எழுதவிடுகின்றன என்பதே அளவுகோல்.

தட்டையான தாளில் விழுந்த ஒரு புள்ளி, ஆழத்தில் எண்ணற்ற இடங்களுள் எதுவாகவும் இருக்கலாம். அச்சும் அதன் எண்களும்தான் அந்த ஐயத்தைக் குறைக்கின்றன. பெர்ஸ்ப் இங்கே முதலிலேயே சறுக்குகிறது: நாமாகக் கேட்டாலன்றி அச்சில் எண்களே வராது, திசைகாட்டும் அம்பு மட்டும் வரும். போதாக்குறைக்கு, அது கட்டமிட்ட பரப்பை வரைவதற்கு உருவானது. சிதறிய புள்ளிகளை நாமே கணக்கிட்டு ஏற்ற வேண்டும். க்னுபிளாட் எண்களைத் தருகிறது. ஆனால் அடித்தளத்தை, ஆழத்தைக் காட்டும் இசட் அச்சின் கீழ் எல்லைக்கும் கீழே, அச்சு நீளத்தில் பாதித் தொலைவில் மிதக்கவிடுகிறது. தரை எது என்பதில் குழப்பம் தருவது அகழாய்வு வரைபடத்துக்குச் சிறு குற்றம் ஆகாது. ஒரே கட்டளையில் திருத்தலாம் என்பது ஆறுதல். மேட்பிளாட்லிப்பின் நடத்தை இங்கே சீரானது: பார்வைக்கோணம் மாறினால் அச்சுப்பெயரும் அச்சோடு சாய்கிறது. ஓரத்துக்குப் போகும் இசட் அச்சின் பெயர் சில வேளை வெட்டுப்படுவது அதன் பழைய குறை.

அச்சில் 'ஆழம்' என்று மட்டும் எழுதுவது அரைவேலை. மேட்டின் மேற்பரப்பு சமமாக இருப்பதில்லை. எந்த நிலைப்புள்ளியிலிருந்து, எந்த அலகில் அளந்தது என்பதையும் அச்சுப்பெயர் சொல்ல வேண்டும். ஆழம் கூடக்கூட எண் கீழ்நோக்கி வளரும்படி அச்சைத் தலைகீழாக்கவும் வேண்டும். மேட்பிளாட்லிப்பும் க்னுபிளாட்டும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. செய்ய மறந்தால் அடிமட்டத்துப் பழமை மேலேறி நிற்கும்.

விகிதத்தில் மூன்றும் தவறுகின்றன. பத்து மீட்டர் நீள அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள குழி என்று கொள்வோம். மேட்பிளாட்லிப் தன் இயல்பில் 4:4:3 விகிதப் பெட்டியில் அதை அடைக்கிறது. ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்கு நீண்டு, குழி கிணறாகத் தெரிகிறது. அச்சு எண்கள் உண்மையைச் சொல்லும்போதே உருவம் பொய் சொல்கிறது. சம அளவைக் கேட்டுப் பெறும் வசதி மேட்பிளாட்லிப்பில் 2022-இல் வந்த 3.6 பதிப்பில்தான் சேர்ந்தது. மற்ற இரண்டிலும் வசதி உண்டு, இயல்பில் இல்லை. மண்ணடுக்குகளைப் பிரித்துக் காட்ட ஆழத்தை நீட்டுவது தேவைப்படலாம். அப்படியானால் எத்தனை மடங்கு என்பது தலைப்பில் வர வேண்டும். பார்வைக்கோணமும் அவ்வாறே. மூன்றில் எதுவும் அதைத் தானாகப் படத்தில் எழுதுவதில்லை.

இனி எழுத்து. தமிழ் அறிக்கைக்குத் தமிழில் அச்சுப்பெயர் வேண்டும் என்பது உரிமைக் கோரிக்கை. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லை. வெற்றுக் கட்டங்கள் வருகின்றன. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், நெடுங்காலமாக அது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதே தவிர கோத்ததில்லை. ஒற்றைக்கொம்பு போன்ற குறிகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும். 'வெம்பக்கோட்டை' என்ற தலைப்பில் மூன்று இடம் சிதையும். 1986-இல் பிறந்த க்னுபிளாட், கைரோ என்ற வரைகலை நூலகத்தின் வழியாகப் படம் எழுதும்போது, எழுத்துகளைக் கோக்கும் பாங்கோ நூலகத்தின் துணையால் அதே பெயரைப் பிழையின்றி எழுதுகிறது. பாங்கோ துணையிருக்கும் ஆர் மொழியும் அப்படியே. இளையது செய்யாததை மூத்தது செய்திருக்கிறது என்பதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மேட்பிளாட்லிப்பின் மற்ற நேர்த்திகளைப் பார்க்கையில் இந்தக் குறை மேலும் உறுத்துகிறது.

ஆகவே, தமிழில் அச்சேறும் அறிக்கைக்கு க்னுபிளாட்: அடித்தளத்தை ஏற்றி, விகிதத்தைச் சமமாக்கி, ஆழத்தைத் திருப்பிய பிறகு. திரையில் சுழற்றி ஆராய்வதற்கு மேட்பிளாட்லிப். பெர்ஸ்ப், பரப்பு வரையட்டும், கண்டெடுப்புகளுக்கு வேண்டாம். அச்சிட்ட படத்தில் ஆழத்தை அளந்து படிக்க வேண்டியவருக்கு, நீளம்–ஆழம், அகலம்–ஆழம் என இரண்டு தட்டையான படங்கள் இம்மூன்றையும் விட மேலானவை. அவற்றை அறிக்கையின் முதன்மைப் படமாகவும் முப்பரிமாணத்தைத் துணைப்படமாகவும் வைப்பதே முறை.